உரிமம் பெற்ற சில வாரங்களிலேயே வேகக் கேமராவில் சிக்கினால் என்ன ஆகும்? புதிய ஓட்டுநர்கள் அறிய வேண்டியவை

புதுடெல்லி: ஓட்டுநர் உரிமம் கைக்கு வந்து இரண்டு வாரம்தான் ஆகியிருக்கும். தந்தையின் காரை எடுத்துக்கொண்டு மகன் நண்பர்களுடன் விரைவுச் சாலையில் சென்று திரும்பியிருப்பார். வழியில் எந்தக் காவலரும் கை காட்டி நிறுத்தியிருக்க மாட்டார். சில நாள்கள் கழித்துத் தந்தையின் கைப்பேசிக்கு ஒரு குறுஞ்செய்தி வரும். இன்ன நாளில், இன்ன நேரத்தில், இந்த வாகனம் அனுமதிக்கப்பட்ட வேகத்தைத் தாண்டிச் சென்றது, அபராதம் செலுத்தவும் என்று அதில் இருக்கும்.

வேகக் கேமராக்கள் பெருகியுள்ள இந்நாளில் இந்தக் காட்சி பல வீடுகளுக்குப் புதிதல்ல. பெரும்பாலானோர் சிறு வருத்தத்துடன் பணத்தைக் கட்டிவிட்டு மறந்துவிடுகின்றனர். ஆனால், மோட்டார் வாகனச் சட்டத்தின்படி வேக மீறல் என்பது பணத்தோடு முடியும் குற்றம் அல்ல. மீண்டும் சிக்கினால் ஓட்டுநர் உரிமமே பறிபோகலாம். எனவே முதல் சலான் வரும்போதே அதில் இருப்பது என்ன, அது சரியாக அனுப்பப்பட்டதா, அடுத்து என்ன செய்யலாம் என்பதை அறிந்திருப்பது அவசியம்.

கேமரா வேகத்தை அளப்பது எப்படி?

சாலையில் பயன்படும் வேகக் கருவிகளைப் பொதுவாக மூன்று வகையாகப் பிரிக்கலாம். முதலாவது, ரேடார். இது அனுப்பும் அலை, ஓடும் வாகனத்தில் பட்டுத் திரும்பும்போது அதன் அதிர்வெண் மாறுகிறது. அந்த மாற்றத்தின் அளவைக் கொண்டு வேகம் கணக்கிடப்படுகிறது. இரண்டாவது, லேசர். ஒளித் துடிப்புகள் வாகனத்தைத் தொட்டுத் திரும்பும் நேரத்தை அடுத்தடுத்து அளந்து, வாகனம் எவ்வளவு விரைவாக நெருங்குகிறது என்பதை இது கண்டறிகிறது. சாலையோரத்தில் காவலர்கள் கையில் ஏந்தி நிற்கும் வேகத் துப்பாக்கிகள் இவ்விரண்டில் ஒரு முறையில் இயங்குபவை.

மூன்றாவது வகை, சராசரி வேகத்தை அளப்பது. சாலையில் குறிப்பிட்ட இடைவெளியில் இரு கேமராக்கள் இருக்கும். வாகனம் முதல் கேமராவைக் கடந்த நேரமும் இரண்டாவதைக் கடந்த நேரமும் பதிவாகும். வேக வரம்பு மணிக்கு 100 கி.மீ. உள்ள சாலையில் 10 கி.மீ. தொலைவைக் கடக்கக் குறைந்தது 6 நிமிடம் ஆக வேண்டும். 5 நிமிடத்தில் கடந்திருந்தால் சராசரி வேகம் 120 கி.மீ. என்று பொருள். கேமராவைக் கண்டதும் பிரேக் பிடித்து, அதைக் கடந்ததும் மீண்டும் விரட்டுவோரின் உத்தி இங்கு எடுபடாது.

வேகம் எந்த முறையில் அளக்கப்பட்டாலும், நம்பர் பிளேட்டைத் தானாகப் படிக்கும் மென்பொருள்தான் வாகனத்தை அடையாளம் காண்கிறது. அந்த எண்ணைக் கொண்டு, வாகனப் பதிவுகளின் தேசியத் தரவுத்தளமான ‘வாஹன்’ அமைப்பிலிருந்து உரிமையாளரின் விவரம் எடுக்கப்பட்டு இ-சலான் உருவாக்கப்படுகிறது.

பலகையில் இருப்பதே வரம்பு

புதிய ஓட்டுநர்கள் அதிகம் தடுமாறுவது, வேக வரம்பு திடீரென மாறும் இடங்களில்தான். மும்பை - புனே விரைவுச் சாலை இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. சமதளப் பகுதியில் கார்களுக்கு மணிக்கு 100 கி.மீ. வரை அனுமதி உண்டு. அதே சாலை போர் காட் மலைப்பகுதிக்குள் நுழையும்போது வரம்பு 60 கி.மீ.-ஆகக் குறைகிறது. 100-இல் ஓட்டிப் பழகிய காலுக்கு 60 என்பது ஊர்வது போலத் தோன்றும். இறக்கத்தில் ஆக்சிலரேட்டரை அழுத்தாமலேயே வாகனம் 80-ஐத் தொட்டுவிடும். 2024 ஜூலை முதல் இச்சாலையில் அறிவார்ந்த போக்குவரத்து மேலாண்மை அமைப்பின் கேமராக்கள் செயல்பட்டு வருகின்றன.

பெங்களூரு - மைசூரு விரைவுச் சாலையிலும் கேமராக் கண்காணிப்பு நடைமுறையில் உள்ளது. மணிக்கு 130 கி.மீ.-க்கு மேல் ஓட்டுவோர் மீது முதல் தகவல் அறிக்கை பதிவு செய்யப்படும் என கர்நாடகக் காவல் துறை 2024-இல் அறிவித்தது. அதாவது, அந்த வேகத்தில் செல்வோரின் பிரச்சினை அபராதச் சலானைத் தாண்டிக் குற்ற வழக்காகிறது. டெல்லியிலோ, குடியிருப்புப் பகுதிகள், கடைவீதிகள், சர்வீஸ் சாலைகள் ஆகியவற்றில் வரம்பு மணிக்கு 30 கி.மீ. மட்டுமே.

நாடு முழுவதற்குமான உச்ச வேகத்தை மத்திய அரசு அறிவிக்கிறது. 2018 ஏப்ரலில் வெளியான அறிவிக்கை, கார்களுக்கு விரைவுச் சாலைகளில் 120, நடுவே தடுப்புள்ள நான்குவழிச் சாலைகளில் 100, நகர எல்லைக்குள் 70 என வரம்பு வகுத்தது. வேகத்தை உயர்த்திய அந்த அறிவிக்கையை 2021-இல் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்து உத்தரவிட்டது. இதுதவிர, குறிப்பிட்ட சாலைகளில் வேகத்தை மேலும் குறைக்க மாநில அரசுகளுக்குச் சட்டத்தின் 112-ஆவது பிரிவு அதிகாரம் தருகிறது. ஆகவே, எங்கோ படித்த எண்ணை மனத்தில் வைத்து ஓட்டுவதில் பயனில்லை. சாலையோரப் பலகையில் எழுதியிருப்பதே அந்த இடத்துக்கான வரம்பு.

ஓட்டியது மகன், சலான் தந்தைக்கு

கேமரா பார்ப்பது நம்பர் பிளேட்டை. எனவே சலான் செல்வது பதிவுச் சான்றில் பெயர் உள்ள உரிமையாளருக்கு. ஆனால், வேக வரம்பை மீறி ஓட்டியவரையும், தம்மிடம் பணிபுரிபவரையோ தம் கட்டுப்பாட்டில் உள்ளவரையோ அவ்வாறு ஓட்டச் செய்தவரையும்தான் சட்டத்தின் 183-ஆவது பிரிவு தண்டிக்கிறது. ஓட்டியவர் யார் என்று காவல் துறை கேட்டால், அவருடைய பெயர், முகவரி, உரிம விவரங்களைத் தர வேண்டிய கடமை 133-ஆவது பிரிவின்படி உரிமையாளருக்கு உண்டு.

குடும்பத்தில் பலர் ஒரே வாகனத்தைப் பயன்படுத்தும்போது இது முக்கியமாகிறது. மகன் அல்லது மகளின் தவறைத் தந்தை தம் பெயரில் ஏற்றுப் பணம் கட்டிவிட்டால், அந்த மீறல் யாருடைய கணக்கில் சேர்கிறது என்ற கேள்வி பின்னர் எழும். நண்பரிடம் இரவல் வாங்கிய வண்டிக்கும் இது பொருந்தும்.

வாஹன் பதிவில் பழைய கைப்பேசி எண்ணே இருந்தால் சலான் வந்ததே தெரியாமல் போகும். பயன்படுத்திய வாகனத்தை வாங்கியோர், பெயர் மாற்றத்தையும் கைப்பேசி எண் மாற்றத்தையும் உடனடியாக முடித்துக்கொள்வது நல்லது.

அபராதம் எவ்வளவு? உரிமம் எப்போது பறிபோகும்?

2019-ஆம் ஆண்டுக்கு முன்பு வேக மீறலுக்கான அபராதம் முதல் முறை 400 ரூபாய் வரைதான். 2019 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தச் சட்டம் இதை மாற்றியது. இலகுரக மோட்டார் வாகனங்களுக்கு 1,000 முதல் 2,000 ரூபாய் வரையும், நடுத்தர மற்றும் கனரக வாகனங்களுக்கு 2,000 முதல் 4,000 ரூபாய் வரையும் அபராதம் விதிக்கலாம். நீதிமன்றம் செல்லாமல் முடித்துக்கொள்வதற்கான இணக்கக் கட்டணத்தை அந்தந்த மாநில அரசே நிர்ணயிக்கிறது. இதனால் தொகை மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். கேரளத்தில் இது 1,500 ரூபாய்.

திருத்தச் சட்டம் கொண்டுவந்த பெரிய மாற்றம் அபராதத் தொகை அல்ல. இரண்டாவது முறையும் அதன் பின்னரும் வேக வரம்பை மீறினால், ஓட்டுநரின் உரிமம் கைப்பற்றப்பட வேண்டும் என்று அது கூறுகிறது. கைப்பற்றப்பட்ட உரிமம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு அனுப்பப்படும். உரிமதாரரின் விளக்கத்தைக் கேட்ட பிறகு, அதிகாரி அவரை விடுவிக்கலாம் அல்லது 3 மாதங்களுக்கு வாகனம் ஓட்டத் தகுதியிழப்பு செய்யலாம். இத்தகைய நடவடிக்கைக்கு மீண்டும் ஆளானால் உரிமம் ரத்தாகும். தகுதியிழப்புக் காலம் முடிந்தாலும், புத்தாக்கப் பயிற்சியை முடித்தால்தான் உரிமம் திரும்பக் கிடைக்கும்.

முதல் முறைதானே என்று அலட்சியமாக இருந்துவிடவும் முடியாது. வேக மீறல், சிவப்பு விளக்கைத் தாண்டுதல், கைப்பேசியில் பேசியபடி ஓட்டுதல், மது அருந்தி ஓட்டுதல் போன்றவற்றுக்குக் குறைந்தது 3 மாதங்கள் உரிமத்தை நிறுத்திவைக்குமாறு உச்ச நீதிமன்றத்தின் சாலைப் பாதுகாப்புக் குழு 2015-இல் மாநிலங்களை அறிவுறுத்தியது. மேலும், ஓட்டிய விதம் பொதுமக்களுக்கு ஆபத்து விளைவிப்பதாக இருந்தால் 184-ஆவது பிரிவு பாயும். அதில் முதல் குற்றத்துக்கே 6 மாதம் முதல் ஓராண்டு வரை சிறைத் தண்டனைக்கு இடம் உண்டு.

பிரிட்டனில் புதிய ஓட்டுநர்களுக்கெனத் தனி விதி இருக்கிறது. உரிமம் பெற்ற முதல் 2 ஆண்டுகளுக்குள் 6 தண்டப் புள்ளிகள் சேர்ந்தால் உரிமம் ரத்தாகிவிடும். வேக மீறல் ஒன்றுக்குக் குறைந்தது 3 புள்ளிகள். இந்தியாவில் அப்படியொரு சோதனைக் காலம் இல்லை. புதியவர் என்பதற்காகக் கூடுதல் தண்டனையும் கிடையாது, சலுகையும் கிடையாது.

பழகுநர் உரிமத்தில் ஓட்டும்போது சிக்கினால்?

பழகுநர் உரிமம் 6 மாதங்களுக்குச் செல்லும். இதை வைத்துக் கார் ஓட்டுபவருக்கு அருகில், முறையான உரிமம் பெற்ற ஒருவர் வாகனத்தைக் கட்டுப்படுத்தக்கூடிய நிலையில் அமர்ந்திருக்க வேண்டும். வாகனத்தின் முன்னும் பின்னும் ‘எல்’ அடையாளம் இருக்க வேண்டும். தனியாக ஓட்டிச் சென்று வேகக் கேமராவில் சிக்கினால், வேக மீறலோடு உரிம நிபந்தனையை மீறிய குற்றமும் சேரும்.

18 வயது நிறையாதவர் ஓட்டினால் விளைவு இன்னும் கடுமையானது. 199ஏ பிரிவின்படி பெற்றோருக்கோ வாகன உரிமையாளருக்கோ 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கப்படலாம். வாகனத்தின் பதிவு 12 மாதங்களுக்கு ரத்தாகும். ஓட்டிய சிறுவரோ சிறுமியோ 25 வயது வரை உரிமம் பெற முடியாது.

சலானில் என்னென்ன இருக்க வேண்டும்?

கேமரா சொல்லிவிட்டால் மறுபேச்சே இல்லை என்று பலர் எண்ணுகின்றனர். அது சரியல்ல. மின்னணுக் கண்காணிப்புக்கான விதிகளை மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2021 ஆகஸ்டில், 167ஏ என்ற விதியாக அறிவித்தது. காவல் துறையும் போக்குவரத்துத் துறையும் பின்பற்ற வேண்டியவற்றை அந்த விதி தெளிவாகக் கூறுகிறது.

* கருவிக்கு ஒப்புதல் சான்றிதழ் இருக்க வேண்டும். அது ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டும்.
* கேமரா பொருத்தப்பட்ட இடங்களில், கண்காணிப்பு நடப்பதைத் தெரிவிக்கும் எச்சரிக்கைப் பலகை கண்ணில் படும்படி இருக்க வேண்டும்.
* மீறல் நடந்த 15 நாள்களுக்குள் அறிவிப்பு அனுப்பப்பட வேண்டும்.
* மீறலையும் நம்பர் பிளேட்டையும் தெளிவாகக் காட்டும் படம் சலானுடன் இணைக்கப்பட வேண்டும்.
* கருவி பதிவு செய்த வேகம், தேதி, நேரம், இடம், மீறப்பட்ட சட்டப் பிரிவு ஆகியவை குறிக்கப்பட வேண்டும்.
* மின்னணுச் சாட்சியத்துக்கான சட்டப்பூர்வச் சான்றிதழும் உடன் இருக்க வேண்டும்.

வேகத்தை ஒருவர் கண்ணால் மதிப்பிட்டுச் சொல்வதை மட்டும் வைத்துத் தண்டிக்க முடியாது என்பதும் சட்டத்திலேயே உள்ள பாதுகாப்பு. ஒரே ஒரு சாட்சியின் மதிப்பீடு, இயந்திர அல்லது மின்னணுக் கருவியின் அளவீட்டை அடிப்படையாகக் கொண்டிருந்தால்தான் செல்லும் என 183-ஆவது பிரிவு கூறுகிறது.

எனவே சலான் வந்ததும் முதலில் படத்தைத் திறந்து பார்க்க வேண்டும். எண் ஒன்றாக இருந்தாலும் வாகனத்தின் நிறமும் மாடலும் வேறாக இருந்தால், யாரோ போலி நம்பர் பிளேட் பயன்படுத்துகிறார் என்று பொருள். ஓர் எழுத்தை மென்பொருள் தவறாகப் படித்திருக்கவும் வாய்ப்புண்டு. இத்தகைய நேரங்களில் பணம் கட்டாமல் ஆதாரத்துடன் முறையிடுவதே சரி. போலி நம்பர் பிளேட் எனத் தெரிந்தால் காவல் நிலையத்திலும் உடனே புகார் அளிக்க வேண்டும்.

கட்டுவதா, எதிர்ப்பதா?

மீறல் உண்மை எனில், பரிவாகன் இணையதளத்தின் இ-சலான் பக்கத்தில் சலான் எண், வாகன எண் அல்லது உரிம எண்ணைக் கொடுத்து விவரம் பார்த்து இணைய வழியில் தொகையைச் செலுத்தலாம். உரிய காலத்தில் செலுத்தாத சலான்கள் பல மாநிலங்களில் மெய்நிகர் நீதிமன்றத்துக்குச் செல்கின்றன. போக்குவரத்துச் சலான்களுக்கான இத்தகைய நீதிமன்றம் டெல்லியில் 2019-இல் தொடங்கப்பட்டது. அங்கும் குற்றத்தை ஏற்று அபராதம் செலுத்தலாம். ஏற்க மறுத்தால் வழக்கு, வழக்கமான நீதிமன்றத்துக்கு மாற்றப்படும். அங்கு நேரில் வாதாடலாம். நிலுவைச் சலான்களைத் தீர்க்க மக்கள் நீதிமன்றங்களும் அவ்வப்போது நடத்தப்படுகின்றன.

இரண்டையும் செய்யாமல் விட்டுவிடுவதுதான் மிக மோசமான வழி. நிலுவை இருக்கும் வாகனத்தின் பெயர் மாற்றம், தடையின்மைச் சான்று போன்ற பணிகள் பல மாநிலங்களில் நிறுத்திவைக்கப்படுகின்றன. வண்டியை விற்கப் போகும் நாளில்தான் பழைய சலான்கள் வரிசையாக வெளிவரும்.

போலிச் சலான்களும் உண்டு

இந்தக் குறுஞ்செய்திகள் பெருகியதைப் பயன்படுத்தி மோசடிக் கும்பல்களும் கிளம்பியுள்ளன. அபராதம் நிலுவையில் உள்ளது என்று வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பி, ‘ஏபிகே’ கோப்பு ஒன்றைப் பதிவிறக்கச் சொல்வது அவர்கள் வழக்கம். அதை நிறுவினால் கைப்பேசியில் உள்ள வங்கி விவரங்கள் அவர்கள் கைக்குப் போகும். உண்மையான சலானைப் பார்க்க எந்தக் கோப்பையும் நிறுவத் தேவையில்லை. செய்தியில் வரும் இணைப்பைத் தொடாமல், பரிவாகன் தளத்துக்கு நேராகச் சென்று வாகன எண்ணைக் கொடுத்துப் பார்ப்பதே பாதுகாப்பு. அரசுத் தளங்களின் முகவரி ‘ஜிஓவி டாட் இன்’ என முடிவதையும் கவனிக்க வேண்டும்.

ஏன் இத்தனை கெடுபிடி?

இந்தியாவில் 2022-ஆம் ஆண்டில் மட்டும் 4,61,312 சாலை விபத்துகளில் 1,68,491 பேர் உயிரிழந்ததாக மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை கூறுகிறது. அந்த உயிரிழப்புகளில் 71.2 சதவீதம், அதிவேகத்தால் நேர்ந்தவை எனப் பதிவாகியுள்ளன. சாலையில் வாகனங்களின் சராசரி வேகம் 1 சதவீதம் கூடினால், உயிரிழப்பு விபத்துக்கான ஆபத்து 4 சதவீதம் கூடுகிறது என்கிறது உலக சுகாதார அமைப்பு.

இதன் காரணம் எளிய கணக்கில் விளங்கும். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் ஒரு வாகனம் நொடிக்கு ஏறத்தாழ 17 மீட்டர் ஓடுகிறது, 100 கி.மீ. வேகத்தில் 28 மீட்டர். குறுக்கே ஒருவர் வருவதைக் கண்டு, மூளை உணர்ந்து, கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை நொடி ஆகிறது என்று வைத்துக்கொண்டால், முதல் வேகத்தில் 25 மீட்டரும் இரண்டாவதில் சுமார் 42 மீட்டரும் பிரேக் பிடிக்கும் முன்பே கடந்து போயிருக்கும். மோதலின் ஆற்றலோ வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுவது. 70-இலிருந்து 100-க்கு உயர்ந்தால் அது இரு மடங்காகிறது.

பழகிய ஓட்டுநர் ஆபத்தை அது நேரும் முன்பே ஓரளவு முன்னுணர்வார். ஓரத்தில் நிற்கும் பேருந்தைக் கண்டதும், அதன் முன்னாலிருந்து யாரேனும் இறங்கி ஓடி வரலாம் என்று கால் தானே தளரும். புதியவருக்கு அந்தப் பழக்கம் இன்னும் வந்திருக்காது. கியர், கண்ணாடி, பின்னால் ஒலிக்கும் ஹாரன் எனப் பலவற்றையும் ஒரே நேரத்தில் கவனிக்க வேண்டிய நிலையில், அவருக்குக் கூடுதல் நேரம் தரக்கூடியது குறைந்த வேகம் ஒன்றுதான்.

அந்த வேகத்தால் மிஞ்சும் நேரமும் அதிகமில்லை. வரம்பு 60 உள்ள மலைப்பாதையில் 10 கி.மீ. தொலைவை 80-இல் கடந்தால் மிச்சமாவது இரண்டரை நிமிடம். அதற்கு விலையாகப் போவது 1,000 அல்லது 2,000 ரூபாய் என்றால் சமாளித்துவிடலாம். உரிமம் போனால் அதைத் திரும்பப் பெற மாதங்கள் ஆகும். உயிர் போனால் திரும்பப் பெற வழியே இல்லை.

தந்தையின் கைப்பேசிக்கு வந்த அந்தக் குறுஞ்செய்தியை வீட்டில் சண்டைக்கான காரணமாக்காமல், படத்தைத் திறந்து, எந்த இடத்தில் வரம்பு மாறியது, எங்கே பலகை தவறவிடப்பட்டது என்று இருவரும் சேர்ந்து பார்ப்பது பயன் தரும். உரிமத் தேர்வில் யாரும் சொல்லித் தராத பாடம் அதில் இருக்கிறது.